உபதேசியாரின் மிதிவண்டி

மிதிவண்டி ஓட்டுவோருக்கும் ஒரு பாதுகாவலி உண்டு என்பதை நம் குடும்பங்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இத்தாலி நாட்டின் வடக்கே, கோமோ ஏரியை ஒட்டிய மலைப்பகுதியில், கிசல்லோ அன்னையின் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். புகழ்பெற்ற பந்தய வீரர்களின் வண்டிகள் அவ்வாலயத்தின் உள்ளே தொங்குகின்றன. 1995இல் பிரான்சு நாட்டுப் பந்தயத்தின்போது மலை இறக்கத்தில் விழுந்து மாண்ட ஃபாபியோ காசர்தெல்லியின் உருக்குலைந்த வண்டியும் வெற்றி வீரர்களின் வண்டிகளோடு அங்கே இடம் பெற்றிருக்கிறது.

நம் பங்குகளில் பந்தய வீரர்கள் இல்லை; ஆனால் உபதேசியார்கள் இருந்தார்கள். என் தந்தையார் அவர்களுள் ஒருவர். மூன்று கிளைப்பங்குகளுக்கும் அவரைச் சுமந்து சென்றது ஒரே மிதிவண்டிதான். ஞாயிறு செபம், ஞானோபதேச வகுப்பு, நள்ளிரவில் சாவு வீட்டுச் செபமாலை என்று எந்த அழைப்பு வந்தாலும் அந்த இருபத்தெட்டு அங்குலச் சக்கரங்கள் பனங்காட்டு மணற்பாதையில் உருளத் தொடங்கிவிடும். அவர் இறைவனடி சேர்ந்த பின்னர் வண்டி திண்ணையோரம் சாத்தியே கிடந்தது. அதை விற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஓட்ட எனக்கு நேரம் வரவில்லை.

சென்ற ஆண்டு என் மகன் பத்தாம் வகுப்புக்குச் சென்றபோது, "தாத்தா வண்டியிலேயே பள்ளிக்கூடம் போறேன்ப்பா" என்றான். பள்ளி ஆறு கிலோமீட்டர் தொலைவு. அதில் பாதி, லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. புதிய டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் வாங்கிப் பொருத்தினேன். ஆயினும் வண்டியில் ஏறிய உடனேயே ஏதோ சரியில்லை என்பது புரிந்தது. ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் "டக்" என்று நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தால் உள்ளே எதுவோ தட்டியது.

இவ்விரு குறிகளையும் வீட்டிலேயே எவரும் சோதித்து அறியலாம். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, ஹேண்டில்பாரை ஒரு விரலால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். நடுவில் சிக்கினால், கோன்செட்டின் கிண்ணங்களில் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். அப்போது மறு கையின் விரலைக் கீழ்க் கிண்ணத்தின் இடைவெளியில் வைத்தால், ஆட்டம் அங்கிருந்துதான் வருகிறதா என்பது விரலுக்கே தெரியும். சக்கரத்தின் அச்சில் ஆட்டம் இருந்தாலும் இதே போன்ற தட்டல் கேட்கும். ஆகையால் அதையும் பார்த்துவிட வேண்டும்.

கோன்செட்டின் குண்டுகள் சக்கரக் குண்டுகளைப்போல் சுற்றிச் சுற்றி ஓடுவதில்லை. நேர்ச்சாலையில் அவை ஒரே இடத்தில் நின்று, மயிரிழையளவு மட்டும் அசைந்துகொண்டிருக்கின்றன. அந்தச் சிறு அசைவால் குண்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள கிரீஸ் விலகிவிடுகிறது. பிறகு இரும்பை இரும்பு தேய்த்து, ஒவ்வொரு குண்டின் கீழும் ஒரு குழி பிறக்கிறது. பள்ளம் மேடுகளில் விழுந்த அடியால்தான் குழி விழுகிறது என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அடியை விட இத்தேய்மானமே பெரிய காரணம் என்பது பொறியியல் அறிந்தோர் தரும் விளக்கம். பாரத்தைத் தாங்குவது கீழ்க் கிண்ணமே. ஆதலால் அதுவே முதலில் பழுதாகிறது.

எங்கள் ஊர் அந்தோணியார் கெபிக்கு எதிரே மிதிவண்டிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் வண்டியைத் தள்ளிச் சென்றேன். எழுபதைக் கடந்தவர், என் தந்தையாருக்கு இதே வண்டியைப் பலமுறை பார்த்துக் கொடுத்தவர்.

"பிரிச்சுப் பாத்துருவோம் தம்பி" என்று தரையில் பழைய வேட்டி ஒன்றை விரித்தார். குண்டுகள் சிதறினால் அதில் விழுமாம். பிரேக் கம்பிகளைக் கழற்றினார். ஹேண்டில்பார் தண்டின் நடுவிலுள்ள போல்ட்டை மூன்று சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே இறுகியிருந்த ஆப்பு விடுபட்டு, ஹேண்டில்பார் கையோடு வந்தது. பிறகு லாக்நட்டு, விளக்கு மாட்டும் தகடு, வாசர், மேல் கோன் என்று ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வேட்டியின்மேல் அடுக்கினார். போர்க்கு கீழே இறங்கியது. கருத்த கிரீசோடு குண்டுகள் உதிர்ந்தன.

கீழ்க் கோனில் வட்டமாகக் குழிகள் வரிசையிட்டிருந்தன. செபமாலை மணிகளை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்தாற்போல் இருந்தது. "இதுக்கு ஒரு தந்திரம் உண்டு" என்றார் அண்ணாச்சி. குண்டுகள் வளையத்தில் கோத்தவையாக இருந்தால், வளையத்தை எறிந்துவிட்டுத் தனிக் குண்டுகளாக நிரப்புவார்களாம். எண்ணிக்கை மாறுவதால் எல்லாக் குண்டுகளும் ஒரே நேரத்தில் குழியில் விழாது. சிக்கல் குறைந்து சில மாதங்கள் ஓடும். கையில் காசில்லாத நாளில் அது போதும். ஆனால் நெடுஞ்சாலையில் செல்லவிருக்கும் பிள்ளைக்கு நான் அதை ஏற்கவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

புதிய கோன்செட்டு வாங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய ஆங்கிலேய முறை வண்டிகளில் போர்க்குத் தண்டின் மரை பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 சுற்று. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆலையில் ராலி நிறுவனம் செய்த பழைய வண்டிகளிலோ 26 சுற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 24 மரைக் கோனை 26 மரைத் தண்டில் ஏற்றினால் ஓரிரு சுற்று போகும், பிறகு இறுகும். துரு என்று எண்ணி ஸ்பானரால் முறுக்கினால் கோனும் தண்டும் சேர்ந்தே கெடும். ஆகவே கடைக்குப் போகுமுன் அரை அங்குல நீளத்துக்குள் மரையை எண்ணிப் பார்ப்பது நல்லது: 12 இருந்தால் ஒரு வகை, 13 இருந்தால் மறு வகை. எங்கள் வண்டியில் 12 இருந்தது. பாதி வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

அண்ணாச்சி மகிழவில்லை. போர்க்கை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்தவர், தண்டு போர்க்கின் தோளில் சேரும் இடத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய துருக்கோடு ஒன்று அங்கே இருந்தது. துடைத்தாலும் போகவில்லை.

பிறகு அவர் செய்ததை வாசக அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நலம். அந்த இடத்தில் மீண்டும் மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டார். மேற்பரப்பை நன்றாகத் துடைத்து உலர்த்தினார். பின் என் மகனிடம் சாக்கட்டி ஒன்று வாங்கிவரச் சொல்லி, அதைப் பொடித்து வெள்ளையாகப் பூசினார். தேநீர் குடித்து முடிப்பதற்குள் அந்த வெண்மையின் நடுவே ஈரக்கோடு ஒன்று தானாகவே எழுந்தது. தண்டின் சுற்றளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு அது நீண்டிருந்தது. விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெளியே கசிந்து காட்டிக்கொடுத்துவிட்டது! முற்காலத்தில் ரயில்வே பட்டறைகளிலும் எண்ணெயும் வெள்ளைப் பொடியும் கொண்டு இவ்வாறுதான் இரும்பின் விரிசலைக் கண்டறிந்தார்கள்.

அந்த இடத்தில் விரிசல் பிறப்பதற்கும் காரணம் உண்டு. சக்கரம் வாங்கும் ஒவ்வோர் அடியும் போர்க்கைப் பின்னோக்கி வளைக்க முயல்கிறது. அந்த வளைவு மிகுதியாக அழுத்துவது தண்டின் அடியில்தான். கோன்செட்டு தளர்ந்து ஆடும்போது அதே இடத்தில் அடி இன்னும் மிகுகிறது. சங்கிலி அறுந்தால் வண்டி நிற்கும். போர்க்கு முறிந்தால் முன் சக்கரம் தனியே போகும். ஓட்டுபவர் முகம் தரையில் விழும்.

"இத மாத்தணும் தம்பி" என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது அச்சத்தைவிட வருத்தமே மேலோங்கியது. அந்தப் போர்க்கின் இரு கால்களிலும் தந்தையார் தம் கையால் தீட்டிய வெள்ளைக் கோடுகள் இன்னும் மங்காமல் இருந்தன. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு பட்டறைக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். "பத்து நிமிசத்துல வெல்டு வச்சிரலாம், ஆயுசுக்கும் தாங்கும்" என்றார்கள். அந்த உறுதிமொழியை நம்பவே என் மனம் விரும்பியது.

திரும்பி வந்து சொன்னபோது அண்ணாச்சி கோபிக்கவில்லை, விளக்கினார். அது சன்னமான குழாய். தோளோடு அது பித்தளையால் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் மின்பற்றவைப்புச் செய்தால் உருகிய பித்தளை இரும்போடு கலந்து, பற்று வைத்த இடமே வெடிக்கக் கூடியதாகிவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று எவர் கண்ணுக்கும் தெரியாது. மரை தேய்ந்திருந்தால் டை போட்டுத் திருத்தலாம். கால் சற்று வளைந்திருந்தால் நிமிர்த்தலாம். தண்டு விரிந்த போர்க்குக்கு மருந்தில்லை என்றார். பின்பு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: "உபதேசியார் இருந்தா, பேரனை இதுல ஏத்துவாரா?"

நான் விடை சொல்லவில்லை.

வீட்டில் அம்மா முதலில் ஒப்பவில்லை. "அவரு கைபட்ட சாமான்" என்று கண் கலங்கினார்கள். வண்டி முழுவதையும் எறியப் போவதில்லை, ஓர் உறுப்பு மட்டுமே மாறுகிறது என்று சொல்லித் தேற்றினேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் விடுத்த 'லவுதாதோ சி' சுற்றுமடலில் வீசியெறியும் பண்பாட்டைக் கண்டித்ததும், பொருளை எறியாமல் மீண்டும் பயன்படுத்துவது அன்புச் செயலாகலாம் என்று உரைத்ததும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. ஆனால் எறிய வேண்டியதை எறியாமல் பிள்ளையை அதன்மேல் ஏற்றுவது எந்த அன்பில் சேரும்?

புதிய போர்க்கு வாங்கப் பழையதையும் எடுத்துச் சென்றோம். சக்கர அளவு, தண்டின் நீளம், மரை, கம்பிப் பிரேக்குக்கு இடம் ஆகிய நான்கும் ஒத்துவர மூன்று கடைகள் ஏற வேண்டியிருந்தது. தண்டு நீளமாக இருந்தால் அறுத்துக்கொள்ளலாம். குறைந்தால் லாக்நட்டுக்கு மரை எட்டாது.

பொருத்துவது அமைதியான வேலை. பழைய கிண்ணங்களைப் பிரேமின் உள்ளிருந்து இரும்புக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தார். புதியவற்றை நீண்ட போல்ட் ஒன்றில் இரு பக்கமும் தடித்த வாசரிட்டு, நட்டை இறுக்கி நேராக உள்ளே இழுத்தார். ஒரு பக்கமாய்ச் சாய்ந்து ஏறினால் புதிய கோன்செட்டும் விரைவில் கெடும். கிண்ணம் நிறையக் கிரீசிட்டு, புதிய குண்டுகளை மட்டும் நெருக்கமாய் அடுக்கி, கடைசியில் ஒன்றை எடுத்துவிட்டார். அந்த ஓர் இடைவெளி இருந்தால்தான் குண்டுகள் ஒன்றையொன்று உரசாமல் உருளுமாம். மேல் கோனைக் கையாலேயே ஆட்டம் நிற்கும்வரை திருகி, அதைப் பிடித்தபடி லாக்நட்டை இறுக்கினார். இறுக்கும்போது அளவு சற்று மாறிவிடுவதால் மூன்று முறை தளர்த்தித் திருத்தினார். ஹேண்டில்பார் தண்டை மரைப் பகுதிக்குக் கீழே செல்லுமாறு ஆழமாக இறக்கினார். ஆப்பு மரையுள்ள இடத்தில் விரிந்தால் அங்கே வலுக்குறைந்த தண்டு பிளக்கும் என்றார். அழகுக்காக ஹேண்டில்பாரை உயரத் தூக்கி வைக்கும் இளைஞர்கள் இதைக் கேட்டால் நல்லது.

பழைய போர்க்கின் தண்டை அண்ணாச்சி என் கண்முன்னே வாளால் இரண்டாக அறுத்தார். பழைய இரும்புக் கடை வழியாக அது வேறொருவர் வண்டியில் ஏறிவிடக் கூடாதாம். வெள்ளைக் கோடிட்ட கால்களை அம்மா வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

புதிய போர்க்கின் கருப்பு, பிரேமின் பழைய கருப்போடு சேரவில்லை. மகன் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரம் ஓட்டியபின் வண்டியைக் கொண்டுவரும்படி அண்ணாச்சி சொல்லியிருந்தார்; புதிய கிண்ணங்கள் படிந்ததும் சிறிது ஆட்டம் காணுமாம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மூவரும் கடைக்குப் போனோம். மேல் கோன் கால் சுற்று இறங்கியது.