உங்களுக்குத் தெரியுமா? டிரவுட் மீனின் மே மாத விருந்து

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஓடும் டெஸ்ட், இட்சன் ஆறுகள் சுண்ணப்பாறை ஊற்றுகளில் பிறப்பவை. கோடையோ பனிக்காலமோ, ஊற்று நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். பழுப்பு டிரவுட் மீனுக்கு இதைவிட வாகான இடம் அமைவது அரிது.

தூண்டில்காரர்களின் ஆண்டு வசந்தத்தில் தொடங்கும். உச்சம் மே மாதக் கடைசி. இரண்டு ஆண்டுகள் ஆற்றுச் சேற்றில் புதைந்து கிடந்த மேஃபிளை இளம்பூச்சிகள் அப்போது கூட்டம் கூட்டமாக மேலெழும்பி, நீர்ப்பரப்பிலேயே தோலுரித்து, சிறகு விரியும்வரை மிதக்கும். சிறகு வந்த பூச்சிக்கு இரை தின்ன வாய் இல்லை. இணைசேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் மடிந்துவிடும். கிட்டே நெருங்கவிடாத பெரிய டிரவுட்கூட அந்நாட்களில் பயம் மறந்து மேலே வந்து வாய் பிளக்கும். இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியை வீசுவோருக்கு அதுதான் பொற்காலம்.

இலையுதிர் காலக் கடைசியில் முட்டையிடும் பருவம் நெருங்க, டிரவுட் தூண்டிலுக்குத் தடை. பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் சரளைக்கற்களை அடித்துக் குழி பறித்து முட்டையிடும். கல்லிடுக்கில் வண்டல் படிந்தால் முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். வயல்களிலிருந்து அரித்து வரும் மண் இந்த ஆறுகளின் பெருங்கவலைகளுள் ஒன்று.

நம் நீலகிரியின் அவலாஞ்சியிலும் 1907இல் டிரவுட் குஞ்சுபொரிப்பகம் அமைந்தது. அங்கே நிலைத்தது வட அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட வானவில் டிரவுட்.