கூண்டு எப்போது திறக்கும்?

"சிலையை அகற்றினால் சரித்திரமே அழிந்துவிடும்!" என்று அலறுகின்றனர் சிலர். சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறி நெய்வேலிச் சுரங்கத்துக்குச் செல்லும் தோழா! மேல்மண்ணை அகற்றினால் நிலக்கரி அழிகிறதா? இல்லை, வெளிப்படுகிறது! சரித்திரமும் அப்படித்தான். சென்னை மவுண்ட் ரோடே இதற்குச் சாட்சி.

அங்கே நின்றது ஜெனரல் நீலின் சிலை. யார் இந்த நீல்? 1857 சூனில் அலகாபாத்தில் குற்றவாளி, அப்பாவி என்று பாராமல் மக்களைத் தூக்கிலேற்றிய தளபதி. பின்னர் கான்பூரில், கைதிகளை உறைந்த இரத்தத்தைத் துடைக்க வைத்து, மறுத்தவரைச் சவுக்கால் அடித்து, அதன்பின் தூக்கிலிட்டவன். கான்பூரில் வெள்ளை மாதரும் மழலையரும் வெட்டி வீழ்த்தப்பட்டனரே என்பர். ஆம், அதுவும் கொடுமைதான்; மறைக்கமாட்டோம். ஆனால் அது நடந்தது சூலையில். அலகாபாத் தூக்குமரங்கள் அதற்கும் முந்தியவை!

1927-இல் அச்சிலையை அகற்றக் கோரி அறப்போர் மூண்டது. நம் கடலூர் அஞ்சலையம்மாள் சிறுமியான தம் மகளோடு களம் புகுந்தார், சிறை கண்டார். 1937-இல் சிலை வீதியை விட்டு அகன்றது. அன்று ஆண்ட காங்கிரசாரோடு நமக்குக் கணக்குகள் ஆயிரம் உண்டு. ஆயினும் இதைப் பாராட்டத் தயங்கோம். இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது அச்சிலை. சரித்திரம் அழிந்ததா? வீதியிலே வீரனாக நின்றவன், அங்கே குற்றத்தின் சாட்சியாக நிற்கிறான். அவ்வளவே!

இது வெள்ளையர்மேல் வெறுப்பா? அன்று. ஆளுநர் மன்றோவும் வெள்ளையரே. 1839 முதல் சென்னையில் குதிரைமேல் வீற்றிருக்கிறார், அவரை இறக்கவில்லையே! தோலின் நிறத்தைப் பார்த்தல்ல, செயலைப் பார்த்தே மக்கள் தீர்ப்பு எழுதினர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தாரும் 2020 சூன் 7 அன்று அடிமை வணிகன் கோல்ஸ்டனின் சிலையைத் துறைமுக நீரிலே தள்ளினர். அதுவும் பிறகு அருங்காட்சியகம் சேர்ந்தது.

அயலான் சிலைக்குத் தீர்ப்புச் சொல்வது எளிது. நம் தெருவுக்கு வருவோமா? தமிழ்நாட்டின் ஊர் பலவற்றில் அம்பேத்கர் சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டு! கொன்றவனின் சிலை திறந்த வெளியில் நின்றது. சமத்துவம் கேட்டவரின் சிலை கம்பிக்குள்ளே நிற்கிறது. வெட்கமாயில்லை? பூட்டைப் போட்டது காவல் துறையாக இருக்கலாம். போட வைத்தது யார்? ஊர் வேறு, சேரி வேறு என்ற நம் சாதி நெஞ்சமன்றோ!

தோழர்களே! பூட்டை உடைப்பதல்ல வேலை. பூட்டே தேவைப்படாத ஊரை ஆக்குவதே வேலை. நீலை இறக்கப் பத்தாண்டு பிடித்தது. இந்தக் கூண்டைத் திறக்க நமக்கு எத்தனை ஆண்டு?