உறைகுளிரால் நேரும் புண்: முதலுதவியும், இழந்த உறுப்பை மீட்கும் ஆராய்ச்சியும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாயும் மூணாற்று மலைகளும் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இல்லை. எனினும் அவ்விரண்டின் தட்பவெப்பமும் பெரிதும் மாறுபட்டவை. பாலக்காட்டுச் சமவெளியில் கோடை காலத்தில் உஷ்ணம் 40 டிகிரி சென்டிகிரேடை எட்டுவதுண்டு. இடுக்கி மாவட்டத்தில் 1,500 மீட்டருக்கு மேல் உள்ள தேயிலைத் தோட்டங்களிலோ, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விடியற்காலையில் புல்தரை வெளுத்து உறைபனி படிவதைக் காணலாம். செண்டுவரை, லட்சுமி, செவன்மலை முதலிய தோட்டங்களில் உஷ்ணம் பூஜ்ய டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்களும் உண்டு. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் பல நாட்கள் தொடர்ந்து பனி உறைந்ததால் தேயிலைக் கொழுந்துகள் கருகிப்போயின. அவற்றைக் கண்டவர்களுக்குக் குளிரும் சுடும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

மனித உடலில் விரலோ காதோ உறைந்துபோவது இம்மலைகளில் அபூர்வம். இங்குள்ள உறைகுளிர் சில மணி நேரமே நீடிக்கிறது; உடலில் ஓடும் இரத்தத்தின் வெப்பம் அதைப் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறது. ஆனால் இதைவிடப் பன்மடங்கு கொடிய குளிரைக் கலத்தில் அடைத்து, வீட்டுக்கு வீடு எடுத்துச் செல்லும் ஊழியர் இவ்விரு மாவட்டங்களிலும் பலர் உள்ளனர். கால்நடைகளுக்குச் செயற்கை முறையில் கருவூட்டும் பணியாளர்களே அவர்கள்.

கலத்தில் அடைபட்ட குளிர்

மூணாற்றுக்கு அருகே மாட்டுப்பட்டியில் 1963ஆம் ஆண்டில் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பழுப்பு நிறக் காளைகளையும் உள்நாட்டுப் பசுக்களையும் கலந்து ‘சுனந்தினி’ என்னும் இனம் உருவானது இத்திட்டத்தின் பயனாகவே. இன்று கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியத்தின் பொலிகாளை நிலையங்கள் மாட்டுப்பட்டியிலும், பாலக்காட்டுக்கு அருகே தோணியிலும் இயங்குகின்றன. இத்தகைய நிலையங்களில் தயாராகும் உறைவிந்துக் குச்சிகள் திரவ நைட்ரஜனில் அமிழ்த்திப் பாதுகாக்கப்படுகின்றன. கிராம மக்கள் ‘சினை ஊசி’ என்று கூறுவது இக்குச்சிகளைக் கொண்டு செய்யப்படுவதே.

திரவ நைட்ரஜனின் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி ஆகும். அது ஒரு துளி கையில் பட்டுத் தெறித்து ஓடிவிட்டால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. துணியிலோ, கையுறைக்குள்ளோ, காலணிக்குள்ளோ தேங்கி நின்றாலும், அதில் அமிழ்ந்திருந்த உலோகத்தை வெறுங்கையால் பற்றினாலும், சில நொடிகளில் தோல் உறைந்துவிடும். இமயமலை வீரனின் விரலுக்கு மணிக்கணக்கில் நேரும் கேடு, மாட்டுத் தொழுவத்தின் வாயிலில் நொடிப் பொழுதில் நேர்ந்துவிடக்கூடும்.

உறைதல் ஏன் கேடு செய்கிறது?

உடலின் பெரும்பகுதி நீர். கடுங்குளிர் தாக்கும்போது, இதயத்தையும் மூளையையும் காக்கும் பொருட்டு, கைகால் நுனிகளிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. குளிர் மேலும் நீடித்தால், உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள நீரில் பனிப் படிகங்கள் தோன்றுகின்றன. அவை வளர வளர, அணுக்களின் உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. உள்ளே உப்புச் செறிவு மிகுந்து அணுக்கள் வாடுகின்றன. குளிர் திடீரென்று தாக்கினால் அணுக்களின் உள்ளேயே படிகங்கள் உண்டாகி அவற்றைக் கிழித்துவிடுகின்றன.

இத்துடன் தீங்கு முடிந்துவிடுவதில்லை. உறைந்த பகுதி இளகிய பின், சேதமுற்ற இரத்தக் குழாய்களின் உட்சுவர்களில் இரத்தம் கட்டிப்போய், ஓட்டத்தை அடைத்துவிடுகிறது. உறைந்தபோது தப்பிய தசையும் இரத்தம் கிடைக்காமல் பின்னர் மடிகிறது. ஆகவே, இளகிய பின் வரும் முதல் 24 மணி நேரம் சிகிச்சைக்கு மிக முக்கியமானது.

விந்தணு உறைந்தும் உயிரோடிருக்க, விரல் மட்டும் ஏன் மடிகிறது என்று மாணவர் கேட்கலாம். விந்துடன் கிளிசரின் சேர்க்கப்படுவதே காரணம். பனிப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து அணுக்களைச் சிதைப்பதை அது தடுக்கிறது. இவ்வுண்மை இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. மனித விரலுக்கு அத்தகைய காப்பு இல்லை.

அறிகுறிகள்

முதலில் குத்தலும் வலியும் தோன்றும், பின்னர் மரத்துப்போகும். வலி நின்றுவிட்டதைக் குணமாகிவிட்டதன் அடையாளமாகக் கருதுவது பெருந்தவறு. தோல் வெளுத்தோ, சாம்பல் நிறமாகவோ, மெழுகு போன்றோ காணப்படும். கருமையான தோலில் நிற மாற்றம் எளிதில் புலப்படாதாகையால், தொட்டுப் பார்த்துக் கடினத்தையும் உணர்ச்சியின்மையையும் கவனித்தல் வேண்டும். இளகிய பின் தெளிந்த நீர் நிறைந்த கொப்புளங்கள் எழுந்தால் காயம் மேலோட்டமானது எனலாம். இரத்தம் கலந்த கொப்புளங்கள் எழுந்தால் காயம் ஆழமானது.

முதலுதவி

1. பாதிக்கப்பட்டவரைக் குளிரிலிருந்து அப்புறப்படுத்துக. ஈரமான உடை, மோதிரம், வளையல், இறுகிய காலணி ஆகியவற்றை அகற்றுக. தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்த்து எடுத்தல் கூடாது. வெதுவெதுப்பான நீரை ஊற்றி இளகச் செய்த பின்னரே அகற்றுக.

2. உடல் முழுவதும் குளிர்ந்து, பேச்சுக் குழறி, மயக்கம் காணப்பட்டால், அதுவே உயிருக்கு ஆபத்தானது. கம்பளியால் போர்த்தி உடலைக் காப்பாற்றுவதை முதலில் செய்க. விரலை அதன் பின் கவனிக்கலாம்.

3. உறைந்த பகுதியை 37 முதல் 39 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள நீரில் அமிழ்த்துக. நீர் ஆற ஆற வெந்நீர் சேர்த்து அதே உஷ்ணத்தில் வைத்திருத்தல் வேண்டும். சேர்க்கும்போது வெந்நீர் நேராகக் காயத்தின் மேல் படலாகாது. தோல் மிருதுவாகிச் சிவக்கும் வரை, ஏறத்தாழ அரை மணி நேரம், இவ்வாறு செய்க. அப்போது கடும் வலி உண்டாகும்; அது எதிர்பார்க்கத்தக்கதே.

4. பின்னர் ஒற்றி உலர்த்தி, விரல்களுக்கு இடையே சுத்தமான பஞ்சுத் துணி வைத்துத் தளர்வாகக் கட்டி, உறுப்பை உயர்த்தி வைத்து, தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புக. கொப்புளங்களை உடைத்தல் கூடாது. கால் பாதிக்கப்பட்டிருந்தால் நடக்க விடலாகாது. புகை பிடித்தல் இரத்தக் குழாய்களை மேலும் சுருக்கும்; அதை அறவே தவிர்த்தல் வேண்டும்.

கருவூட்டும் பணியாளர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி நீரில் இளக்குவதே அவர்களுடைய வழக்கமாதலால், வெப்பமானியும் வெதுவெதுப்பான நீரும் அவர்களிடம் தயாராக இருக்கும். வெப்பமானி இல்லாதவர், காயமில்லாத தம் கையை நீரில் அரை நிமிடம் வைத்து, சூடு இதமாகத் தாங்கத்தக்கதா என்று பார்த்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவரின் மரத்துப்போன கையைக் கொண்டு சூட்டைச் சோதித்தல் ஆகாது.

திரவ நைட்ரஜனில் வேறோர் ஆபத்தும் உண்டு. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரிகிறது. மூடிய அறையிலும் மூடிய வாகனத்திலும் அது காற்றிலுள்ள பிராணவாயுவின் பங்கைக் குறைத்து, மூச்சுத் திணறலை முன்னறிவிப்பின்றி உண்டாக்கும். கலம் இருக்கும் இடத்தில் காற்றோட்டம் இன்றியமையாதது. கையுறை எளிதில் உதறக்கூடியதாகத் தளர்ந்திருத்தல் நலம்.

தேய்த்தலும் தீக்காய்தலும்

1812ஆம் ஆண்டில் நெப்போலியனின் படை ருஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது, அதன் தலைமை அறுவை மருத்துவர் லாரே என்பவர், உறைந்த கைகால்களை நெருப்பில் காட்டிய வீரர்களின் தசை அழுகிப்போவதைக் கண்டார். மரத்த தோல் சூட்டை உணராமையால் வெந்துபோனதும், பகலில் உறைந்து இரவில் இளகி மறுநாள் மீண்டும் உறைந்ததும் அக்கேட்டுக்குக் காரணங்களாம். நெருப்பின் தீமையை அவர் சரியாகவே அறிந்தார். ஆனால் அதற்கு மாற்றாகப் பனிக்கட்டியால் தேய்க்கும் முறையைப் பரிந்துரைத்தார். அம்முறை நூறாண்டுகளுக்கு மேல் வழக்கில் இருந்தது. தேய்க்கும்போது படிகங்கள் தசையை மேலும் கிழிக்கின்றன என்பதும், வெதுவெதுப்பான நீரில் விரைந்து இளக்குவதே சிறந்தது என்பதும் அலாஸ்காவில் மில்ஸ் என்னும் மருத்துவர் 1960, 1961ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அனுபவங்களால் உறுதிப்பட்டன.

ஆகவே, விறகு நெருப்பு, வெந்நீர்ப் பை, தைலம் தேய்த்தல், பனிக்கட்டி தேய்த்தல் ஆகிய யாவும் விலக்கத்தக்கவை. மீண்டும் உறைந்துபோகும் அபாயம் உள்ள இடத்தில், வேண்டுமென்றே இளக்குவதும் தவறு. 1984 முதல் இந்தியப் படை காவல் புரிந்துவரும் சியாச்சின் பனிப்பாறைப் பகுதி போன்ற இடங்களுக்கு இவ்விதி மிகவும் பொருந்தும். தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த இளைஞர் பலர் அங்கே பணியாற்றுகின்றனர்; 2016 பிப்ரவரியில் அங்கு நேர்ந்த பனிச்சரிவில் புதையுண்ட பத்து வீரருள் பெரும்பாலோர் சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்களே.

மருத்துவமனையில்

ஆழமான காயத்தில், இரத்தக் கட்டிகளைக் கரைக்கும் மருந்து, இளகிய 24 மணி நேரத்துக்குள் செலுத்தப்பட்டால் விரல்கள் பிழைக்கும் வாய்ப்பு அதிகரிக்கிறது. இரத்தக் குழாய்களை விரிக்கும் ‘ஐலோபிராஸ்ட்’ என்னும் மருந்து, கடுமையான உறைகுளிர்ப் புண்ணுக்கென 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இரணஜன்னித் தடுப்பூசியும் தேவைக்கேற்பப் போடப்படும்.

விரல் கறுத்துவிட்டதைக் கண்ட உறவினர், உடனே அதை வெட்டிவிடுவார்களோ என்று அஞ்சுவது இயல்பு. நோய்க்கிருமிகள் பரவினாலன்றி, மருத்துவர் அவசரப்படுவதில்லை. உயிருள்ள பகுதிக்கும் மடிந்த பகுதிக்கும் இடையிலுள்ள எல்லை தெளிவாகத் தெரியப் பல வாரங்கள், சில வேளைகளில் சில மாதங்கள் ஆகும். மேலே கறுத்துத் தோன்றும் தோலின் கீழ் உயிருள்ள தசை இருத்தல் கூடும். குணமான பின்னும் மரமரப்பு, மூட்டு வலி, குளிர் பொறாமை ஆகியவை ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுண்டு.

உறுப்பு இழந்த பின்

1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ரப்பர்ப் பாதம், காலணியின்றி நடக்கவும், குந்தி அமரவும், சேற்றில் இறங்கி வேலை செய்யவும் உதவுவதால் நம் உழவர்களுக்கு ஏற்றதாயிற்று.

கை இழந்தவர்களுக்கு வேறொரு வழியும் திறந்துள்ளது. இரயில் விபத்தில் இரு கைகளையும் இழந்த இடுக்கி மாவட்டத்து இளைஞர் ஒருவருக்கு, மூளைச் சாவடைந்த ஒருவரின் கைகளை 2015 ஜனவரியில் கொச்சி அமிர்தா மருத்துவ நிலையத்தினர் பொருத்தினர். இந்தியாவில் இத்தகைய சிகிச்சை அதுவே முதன்முறை. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இரு கைகள் பொருத்தப்பட்டன. ஆயினும், அயலார் உறுப்பை உடல் ஒதுக்கிவிடாதிருக்க ஆயுள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டும். அம்மருந்து நோய்த் தடுப்பு ஆற்றலையும் குறைக்கிறது.

உறுப்பு மீண்டும் வளருமா?

வீட்டுச் சுவரில் பல்லி வால் துண்டாகிப் பின் முளைப்பதைப் பார்க்காத மாணவர் இல்லை. ஆனால் முளைத்த வாலில் முதுகெலும்பு இருப்பதில்லை. குருத்தெலும்புக் குழாயே இருக்கும். மெக்சிகோ நாட்டு நீர்வாழ் பிராணியான ஆக்சலோட்டல் இதனினும் மேம்பட்டது. அதன் கால் துண்டிக்கப்பட்டால், வெட்டிய முனையில் ஒரு மொட்டு தோன்றி, எலும்பு, தசை, நரம்பு, விரல் யாவும் அமைந்த முழுக் கால் வளர்ந்துவிடுகிறது. மனித உடலோ வெட்டுவாயை விரைந்து தழும்பால் மூடிவிடுகிறது. எனினும் நம்மிடமும் இத்திறனின் எச்சம் உண்டு. சிறு குழந்தைகளின் விரல் நுனி துண்டிக்கப்பட்டாலும், நகத்தின் அடிப்பகுதி எஞ்சியிருந்தால் அது மீண்டும் வளர்வதை இங்கிலாந்து மருத்துவர் இல்லிங்வர்த் 1974ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

இத்துறையில் இந்தியப் பங்கும் உண்டு. ஒடிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடியும் அவர்தம் குழுவினரும், வால் வெட்டப்பட்ட தலைப்பிரட்டைகளை வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டபோது, வாலுக்குப் பதிலாகக் கால்கள் முளைத்ததை 1992இல் அறிவித்தனர். எந்த உறுப்பாக வளர்வது என்னும் கட்டளையை இரசாயனப் பொருளால் மாற்றலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. 2022ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர், இயல்பாகக் கால் வளராத முதிர்ந்த தவளைகளின் வெட்டுவாயில் ஐந்து மருந்துகள் அடங்கிய உறையை 24 மணி நேரம் மட்டும் பொருத்தினர். 18 மாதங்களில் எலும்பும் நரம்பும் கொண்ட, ஏறத்தாழ முழுமையான கால்கள் வளர்ந்தன.

தவளைக்கும் மனிதனுக்கும் இடையே தூரம் அதிகம். இன்று வரை எந்த மனிதருக்கும் இழந்த கையோ காலோ மீண்டும் வளர்க்கப்படவில்லை. அவ்வாறு செய்வதாகக் கூறிப் பணம் பெறும் விளம்பரங்களை நம்பவேண்டாம் என்று மக்களுக்கு எடுத்துரைப்பது ஆசிரியர்களின் கடமைகளுள் ஒன்று.

ஆராய்ச்சியின் பயன் நம்மை வந்தடையும் வரை, இருக்கும் விரலைக் காப்பதே சிறந்த சிகிச்சை. மலையில் ஈரமான காலுறையை மாற்றுவது, கலத்தைத் திறக்குமுன் கையுறையையும் கண்ணாடியையும் அணிவது, காயம் நேர்ந்தால் நெருப்பை விடுத்து வெதுவெதுப்பான நீரை நாடுவது என்னும் இம்மூன்றையும் ஒவ்வொரு பள்ளியிலும், கால்நடை நிலையத்திலும், தோட்டத்து மருந்தகத்திலும் கற்பித்துவிட்டால், பல குடும்பங்களில் உழைக்கும் கைகள் குறைவின்றி நிலைத்திருக்கும்.