ஐந்து பல்லக்குகளின் இரவு

சீனப் புத்தாண்டு பிறந்த இருபத்தோராம் நாள் இரவில், ஜொகூர் பாரு நகர மையத்தின் சாலைகள் மக்கள் வசமாகின்றன. சிங்க நடனம், டிராகன் நடனம், அலங்கார ஊர்திகள், முரசொலி ஆகியவற்றுக்கிடையே ஐந்து பல்லக்குகள் வருகின்றன. அவற்றைச் சுமப்போர் மெதுவாக நடப்பதில்லை; பல்லக்குகளை வேகமாகக் குலுக்கி ஆட்டுகின்றனர். வளம் பெருகட்டும் என்னும் பொருளில் "ஹெங் ஆ! ஹுவாட் ஆ!" என்ற முழக்கம் எழுகிறது. இதுவே ஜொகூர் பாரு சிங்கே ஊர்வலம்.

இவ்விழாவின் வேர் 19ஆம் நூற்றாண்டில் உள்ளது. தெமெங்கோங் இப்ராகிம் 1855ஆம் ஆண்டு தஞ்சோங் புத்ரியில் புதிய நகரை அமைத்தார். 1866இல் அது ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது. கேம்பிர், மிளகுத் தோட்டங்களைத் திறப்பதற்காகச் சீனர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் அனைவரும் ஒரே மொழி பேசுவோர் அல்லர். தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டனிஸ், ஹைனான் என ஐந்து பிரிவினராக இருந்தனர். அதே காலத்தில், பேராக்கின் லாருட் பகுதியில் சீனக் குழுக்கள் ஈயச் சுரங்கங்களுக்காக மோதிக்கொண்டிருந்தன. ஜொகூர் அரசோ ஙீ ஹெங் கொங்சி என்னும் ஒரே சங்கத்தை மட்டும் ஏற்றது. இதனால் இங்கு அத்தகைய பூசல்கள் தவிர்க்கப்பட்டன.

அந்த ஒற்றுமையின் அடையாளமாக ஜாலான் தெருஸ் சாலையில் பழைய சீனக் கோயில் நிற்கிறது. ஒவ்வொரு பிரிவினரும் ஒரு தெய்வத்தைப் பொறுப்பேற்றுள்ளனர். ஒரே கூரையின் கீழ் ஐந்து தெய்வங்கள் வீற்றிருப்பது வியப்புக்குரியது. தியோச்சூ பிரிவினரின் தெய்வமே தலைமைத் தெய்வம். எனினும் அதன் பல்லக்கு ஊர்வலத்தில் இறுதியாகவே வரும். விநாயகர் முன்செல்லும் நம் கோயில் ஊர்வலங்களைக் கண்டு பழகியவர்களுக்கு இவ்வரிசை புதுமையாகத் தோன்றலாம்.

பத்தொன்பதாம் நாள் தெருக்களைத் தூய்மைப்படுத்தும் சடங்கு நடைபெறும். மறுநாள் தெய்வங்கள் ஜாலான் ஊலு ஆயர் மோலேக்கிலுள்ள தற்காலிக இருப்பிடத்திற்குச் செல்லும். இருபத்தோராம் இரவு நகர்வலம். அடுத்த நாள் கோயிலுக்குத் திரும்பும் பயணம்.

ஊர்வலத்தில் ஒலிக்கும் இருபத்து நான்கு பருவ முரசுகள் பழமையானவைபோல் தோன்றும். ஆனால், அக்கலை 1988ஆம் ஆண்டு இதே நகரில்தான் பிறந்தது. கவிஞர் டான் சாய் புவாவும் இசைக்கலைஞர் டான் ஹூய் சோங்கும் அதனை உருவாக்கினர். சீன உழவர் நாள்காட்டியின் 24 பருவங்களில் ஒவ்வொன்றின் பெயரும் ஒவ்வொரு முரசில் எழுதப்பட்டிருக்கும்.

சிங்கப்பூரில் 1973இல் தொடங்கிய சிங்கே, பல இனக் கலைஞர்கள் பங்கேற்கும் மேடைக் காட்சியாக வளர்ந்தது. பினாங்கில் உயர்ந்த கொடிக்கம்பங்களை நெற்றியிலும் தோளிலும் தாங்கும் வித்தையே சிறப்பு. ஜொகூர் பாருவிலோ அது இன்றும் கோயில் சடங்காகவே நீடிக்கிறது. மலேசிய அரசு 2012இல் அதனைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது.

இன்றைய சீன இளையோர் பலர் வீட்டில் மாண்டரினே பேசுகின்றனர். பாட்டன் பேசிய ஹைனான் மொழியோ ஹக்காவோ அவர்களுக்குச் சரளமாக வருவதில்லை. ஆயினும் பல்லக்கைச் சுமக்கும் வேளையில் எப்பிரிவின் தெய்வத்திற்குத் தோள்கொடுப்பது என்பதை அவர்கள் அறிந்திருக்கின்றனர். இருபத்திரண்டாம் நாள் ஐந்து பல்லக்குகளும் ஜாலான் தெருஸுக்குத் திரும்பியதும், துப்புரவுப் பணியாளர்கள் தெருக்களைக் கூட்டத் தொடங்குகின்றனர்.