தரையிலே பயிலும் பறப்பு

வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானம் விலகிச் செல்லுங்கால், அதன் இடமும் வலமும் இயக்குவோரின் இடவலத்தோடு ஒத்திருக்கும். அவரை நோக்கித் திரும்பியதும் அவை மாறிவிடும். புதியவர் தடுமாறுவது பெரும்பாலும் இத்தருணத்திலேயாகும்.

அந்தமான் தீவுகளில் இத்தடுமாற்றத்தால் நேரும் இழப்பு பெரிது. கடலில் வீழ்ந்த விமானம் மீள்வது அரிது. உதிரிப் பாகங்கள் வரவேண்டிய பெருநிலப்பகுதியில் சென்னையே சுமார் 1,350 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது.

இக்குறையைப் போக்குவது சிமுலேட்டர் எனப்படும் பாவனைப் பறப்புக் கருவியாகும். 1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க் விமானிகளுக்கென உருவாக்கிய பயிற்சிப் பொறியின் நோக்கமே இதற்கும் உரியது. கணிப்பொறியும், அதனுடன் இணைத்த இயக்குகோலும் இதற்குப் போதுமானவை. எதிர்வரும் விமானத்தின் எச்சிறகு தாழ்கிறதோ, அப்பக்கமே கோலைச் சாய்த்தல் வேண்டும்; விமானம் நிமிரும். இதனை மழைக்காலத்திலும் அறைக்குள்ளேயே பயிலலாம். நூறு முறை தவறினும் நஷ்டமில்லை.

கை பழகியபின், கடற்காற்றை உணர்தலும் தொலைவை மதிப்பிடுதலும் திறந்த வெளியில் பயிலத்தக்கனவாம்.