த காட்லெஸ் கேர்ள் (திரைப்படம்)

த காட்லெஸ் கேர்ள் (கடவுளை மறுத்த பெண்) என்பது 1928 ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்கத் திரைப்படம் ஆகும். இதனை இயக்கியவர் செசில் பி. டெமில். திரைக்கதையை ஜீனி மக்ஃபர்சன் எழுதினார். லீனா பாஸ்கெட், ஜார்ஜ் டுரியே, மேரி பிரெவோ, நோவா பீரி, எடி குயிலன் ஆகியோர் நடித்துள்ளனர். டெமில் இயக்கிய கடைசிப் பேசாப்படம் இதுவாகும்.

கதைச் சுருக்கம்

உயர்நிலைப் பள்ளி மாணவி ஜூடி, இறைமறுப்பு மன்றம் ஒன்றை நடத்துகிறாள். மதப்பற்றுள்ள மாணவர்கள் பாப் என்பவனின் தலைமையில் அதன் கூட்டத்தைத் தாக்குகின்றனர். மாடிப்படியில் நடக்கும் கைகலப்பில் கைப்பிடிச் சுவர் உடைந்து ஒரு மாணவி விழுந்து இறக்கிறாள். ஜூடி, பாப், அவர்களின் தோழன் போசோ ஆகிய மூவரும் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கு தலைமைக் காவலரின் கொடுமைகளுக்கு ஆளாகின்றனர். ஆண், பெண் பிரிவுகளுக்கு இடையே மின்வேலி உள்ளது. அதன் ஊடாகக் கைகோத்து நிற்கும்போது மின்சாரம் பாய்ச்சப்படுவதால், ஜூடியின் கைகளில் சிலுவை வடிவில் தீக்காயம் உண்டாகிறது. இறுதியில் பள்ளி தீப்பற்றி எரிகிறது.

தயாரிப்பு

இயேசுவின் வாழ்வைக் கூறும் த கிங் ஆஃப் கிங்ஸ் (1927) படத்தை அடுத்து டெமில் இதனை எடுத்தார். சிறார் சீர்திருத்தப் பள்ளிகளின் உண்மை நிலை குறித்துப் படப்பிடிப்புக்கு முன்பே தகவல்கள் திரட்டப்பட்டன. பெவரல் மார்லி ஒளிப்பதிவு செய்தார். தீ விபத்துக் காட்சியில் உண்மையான நெருப்பே பயன்படுத்தப்பட்டது. இதில் பாஸ்கெட்டின் கண்ணிமை முடிகள் கருகின.

பேசும்படத்தின் தாக்கம்

பாஸ்கெட்டின் கணவர் சாம் வார்னர், பேசும்பட முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர். அவர் த ஜாஸ் சிங்கர் படம் முதன்முதலில் திரையிடப்படுவதற்கு முந்தைய நாளான 1927 அக்டோபர் 5 அன்று காலமானார். அப்படத்தின் வெற்றியால் பேசாப்படங்களின் மீதான ஆர்வம் விரைவாகக் குறைந்தது. அவருடைய மனைவி நடித்த இப்படமும் அதற்குத் தப்பவில்லை. டெமில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்திற்குச் சென்றுவிட்டதால், இறுதிப் பகுதிக்கான உரையாடல் காட்சிகளை ஃபிரிட்ஸ் ஃபெல்ட் இயக்கினார். இவை சேர்க்கப்பட்ட வடிவம் 1929 இல் வெளியானது. எனினும் படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை.

பாதுகாப்பு

நெடுங்காலம் அரிதாகவே திரையிடப்பட்ட இப்படத்தின் பேசா வடிவம், டெமில் தம்மிடம் வைத்திருந்த படியின் மூலம் காப்பாற்றப்பட்டது. 2007 இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பாதுகாப்பு அறக்கட்டளை, சமூகச் சிக்கல்களைப் பேசும் பழைய படங்களின் இறுவட்டுத் தொகுப்பில் இதனையும் சேர்த்து வெளியிட்டது.