கிடா வெட்டிய அன்று காவல் நாய்க்கு என்ன போடலாம்?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் குலதெய்வக் கோயில்களில் கிடா வெட்டு தொடங்கிவிடும். தீபாவளிக்கும், பொங்கலை அடுத்து வரும் கரிநாளுக்கும் ஊரில் ஆடு அறுப்பதுண்டு. மற்ற நாட்களில் கூழும் பழைய சோறும் தின்று பட்டியைக் காத்த நாய்க்கும் அன்று விருந்துதான். கல்வராயன் மலையிலோ, மரவள்ளிக் கொல்லைக்குள் காட்டுப்பன்றி நுழையாமல் விரட்டுவதும் இந்த நாயே. அதற்கு நல்லதாக நாலு வாய் போடுவதில் தவறில்லை. எதைப் போடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஆடு அறுக்கும்போது சில ஆடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் வெண்மையான தோலுடன், தெளிந்த நீர் நிறைந்த கட்டிகள் காணப்படும். பட்டாணி அளவிலும் இருக்கும், எலுமிச்சை அளவிலும் இருக்கும். அந்தப் பாகத்தை அரிந்து, பக்கத்தில் காத்திருக்கும் நாய்க்கு வீசிவிடுவது எளிது. வீட்டுக்கே கேடு கொண்டுவரும் தீனி அதுதான்.

அந்தக் கட்டி, எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம். ஒரே கட்டிக்குள் ஆயிரக்கணக்கான புழுத் தலைகள் இருக்கக்கூடும். அவை நாயின் குடலில் ஒட்டி வளர்ந்து, 6, 7 வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். வளர்ந்த புழுவின் நீளம் கால் அங்குலத்துக்கு மேல் போவது அபூர்வம். நாய்க்குப் பெரும்பாலும் எந்தத் துன்பமும் தெரியாது. ஆகவே யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

முட்டைகள் நாயின் மலத்துடன் வெளிவந்து, மேய்ச்சல் புல்லிலும் குட்டை நீரிலும் கலந்து ஆட்டின் வயிற்றுக்குப் போகின்றன. மறுபடியும் ஈரலில் கட்டி. நாயின் உரோமத்திலும் முட்டை ஒட்டியிருக்கும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சோறு உண்ணும் குழந்தைக்கும் இதே கட்டி வரலாம். பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்ந்து, அறுவை சிகிச்சை வரை போவதுண்டு. கட்டியுள்ள ஈரலைத் தின்பதால் மனிதருக்கு இந்நோய் வருவதில்லை. புழு முட்டையால்தான் வருகிறது.

ஆட்டுத் தலையிலும் எச்சரிக்கை தேவை. வேறொரு நாடாப்புழுவின் கட்டி மூளையில் வளர்ந்தால், ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். இரை எடுக்காமல் மெலிந்து செத்துப்போகும். அப்படிப்பட்ட ஆட்டின் தலையைப் பச்சையாக நாய்க்குப் போட்டால், அடுத்து மந்தையில் இன்னொரு ஆடு சுற்றும்.

ஐஸ்லாந்து நாட்டில் ஒரு காலத்தில் இந்நோய் மிகுந்திருந்தது. 1864-இல் இதை விளக்கும் சிறு புத்தகம் ஒன்றை அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்தார்கள். கழிவு ஈரலை நாய்க்கு எட்டாமல் செய்ததும், நாய்களுக்குப் புழு மருந்து கொடுத்ததுமே அங்கு நோயை ஒழித்தன.

வேண்டாத ஈரல், நுரையீரல், தலை ஆகியவற்றை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்து, மேலே கல் வைக்க வேண்டும். மலையில் பாறை தட்டி ஆழக் குழி எடுக்க முடியாத இடங்களில் எரித்துவிடலாம். நாய்க்கு ஈரல் கொடுத்தே தீர வேண்டுமானால், சிறு துண்டுகளாக்கி அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டுப் போடுவது நலம்.

உப்பும் மசாலாவும் சேருமுன் வெந்த கறித்துண்டு, சோறு, அவித்த முட்டை, பொங்கல் சமயத்தில் மலிவாகக் கிடைக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய் இவையெல்லாம் நாய்க்கு ஒத்துக்கொள்ளும். வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்புச் சோறு ஆகாது, இரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். வெட்டிய கொழுப்பைக் கொத்தாகப் போடுவதும் கூடாது. பிள்ளைகள் கையில் உள்ள சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சே.

பச்சை ஈரல் தின்று பழகிய நாய்க்குக் கால்நடை மருந்தகத்தில் எடை சொல்லி, நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டல் மாத்திரை கேட்க வேண்டும். உருளைப்புழு மருந்து மட்டும் போதாது. ஆண்டுக்கு 4 முறை கொடுப்பது நல்லது. மருந்து புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. ஆகையால் கொடுத்த பின் 2 நாள் நாயைக் கட்டிவைத்து, மலத்தை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும், எருக்குழியில் போடக்கூடாது.